இலவச வைஃபை: உதவிக்கு என்னை அழைக்கவும்

காசு வாங்கிக்கொண்டு சேவை செய்கிறவனைத் திட்டுவதற்கு ஜனங்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள். இலவசமாகக் கொடுக்கிறவளைத் திட்ட அந்த யோசனைகூடத் தேவையில்லை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

நான் பார்ப்பது பொது வைஃபை பராமரிக்கிற வேலை. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் பஸ் ஸ்டாப், டீக்கடை, ஹாஸ்டல் வாசல் என்று பத்தொன்பது இடங்களில் எங்கள் கம்பெனியின் வெள்ளை டப்பா தொங்குகிறது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடமெல்லாம் நினைக்க வேண்டாம். முதலாளி ஒருவர், கம்பத்தில் ஏறுகிற லூர்து அண்ணன், கம்பத்துக்குக் கீழே நின்று ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற நான். என் பெயர் கல்பனா. அது என் வீட்டில் இருப்பவர்களுக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் வைஃபை மேடம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'கனெக்டட்' என்று காட்டியும் ஒன்றுமே திறக்காமல் பல்லைக் கடித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

யார் நம்பர்?

எங்கள் வைஃபையின் பெயர் 'ஊர்வலை'. அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. போனில் அந்தப் பெயரைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் உங்கள் மொபைல் நம்பரை அடித்தால் நான்கு இலக்கத்தில் ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டால் அரை மணி நேரத்துக்கு நெட். அவ்வளவுதான். இதைவிட எளிதாகச் செய்ய முடியாது என்று முதலாளி சொன்னார். நானும் நம்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எல்லா டப்பாவுக்கும் கீழே 'உதவிக்கு' என்று போட்டு என் நம்பரை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டினார்கள். மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், போனில் டிங், டிங் என்று சத்தம். ஓடிபி. இட்லி வேகிற நேரத்துக்குள் பதினாலு ஓடிபி. யாரோ என் பேங்க் கணக்கைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து அடுப்பையே அணைத்துவிட்டேன். பதினைந்தாவதாக ஒரு போன் வந்தது. இருங்காட்டுக்கோட்டை பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருவர், "ஓடிபி வந்திருக்குமே, சொல்லும்மா, பஸ் வந்துரும்" என்றார். அண்ணே, உங்க நம்பரைத்தான் அங்கே அடிக்கணும், என் நம்பரை ஏன் அடிச்சீங்க என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாமா பேசற? உன் வைஃபைக்கு உன் நம்பர் போடாம என் நம்பரையா போடுவாங்க?"

பெஞ்சு காலி

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை. அதன் கூரைக்குக் கீழே ஒரு டப்பா. தினமும் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அது செத்துப்போகும், பிறகு தானாகவே உயிர் வரும். லூர்து அண்ணன் மூன்று தடவை ஏணி போட்டு ஏறி, வயரை மாற்றி, அடாப்டரை மாற்றி, கடைசியில் டப்பாவையே மாற்றினார். நாலாவது நாள் நான் அந்த நேரத்துக்கே போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு மாஸ்டர் ஏழுமலை அண்ணன், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் வடைச் சட்டிக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் பெஞ்சிலிருந்த ஏழு பேரும் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

நான் அவர் கண்ணில் படும்படி எழுந்து நின்றேன். கொஞ்சம்கூட வெட்கப்படாமல் என் கையில் டீயைக் கொடுத்தார்.

"ஒரு டீயை வாங்கி வச்சிக்கினு ஒரு முழுப் படம் பாக்கறான். வடை சாப்ட வர்றவன் நின்னுக்கினே சாப்ட்டுப் போறான். நீயே சொல்லு, நான் கடை நடத்தறனா, தியேட்டர் நடத்தறனா?"

டப்பாவின் முகம்

ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். குரலிலேயே அதிகாரம். வைஃபை மாடி ரூம்களுக்கு வரவே மாட்டேன் என்கிறது, குடியிருக்கிற பசங்க காலி செய்துவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள், உடனே வந்து பார் என்றார். எந்த மாடி, எந்த ரூம், நாங்கள் வீடுகளுக்கெல்லாம் வைஃபை கொடுப்பதில்லையே என்று குழம்பிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, தொழிற்சாலைப் பையன்களுக்காகக் கட்டிய மூன்று மாடி. கேட்டில் பெரிய போர்டு: 'ஆண்களுக்கு ரூம் வாடகைக்கு. தண்ணீர் வசதி, பைக் பார்க்கிங், இலவச வைஃபை.' அந்த இலவச வைஃபை, சாலைக்கு இந்தப் பக்கம் தொங்குகிற எங்கள் டப்பா! கீழ்த்தள ரூமுக்கு ஜன்னல் வழியாக எட்டுகிறது, மாடிக்கு எட்டவில்லை. அம்மா, அது பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்காகப் பொதுவில் போட்டது, நீங்கள் வாடகை ரூமுக்குக் காட்டக்கூடாது என்று எவ்வளவோ பொறுமையாகச் சொன்னேன். அந்த அம்மா என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவன் பஸ்ஸைப் பாக்கட்டும், அவனுக்கு எதுக்கு நெட்டு? அந்த டப்பா மூஞ்சிய எங்க வூட்டுப் பக்கம் கொஞ்சம் திருப்பிட்டுப் போ."

தலைகுனிந்த பக்தி

எங்கள் ஸ்டாப் ஒன்றை ஒட்டி மாதா கோவில் இருக்கிறது. அந்தப் பங்குச் சாமியார் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போகும்போதே லூர்து அண்ணனுக்கு உதறல். அவர் அந்தக் கோவிலுக்குப் போகிறவர், இரண்டு ஞாயிறாகப் போகவில்லை. அதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்று அவராகவே நினைத்துக்கொண்டு, என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மட்டும் டப்பாவை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார். ஃபாதர், கடைசி மூன்று வரிசைக்குத்தான் சிக்னல் வரும், அது பெரிய தொந்தரவாக இருக்காதே என்றேன். அந்த மூன்று வரிசைக்குத்தான் இப்போது இடம் பிடிக்கிற சண்டையே நடக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏமாந்துபோன வருத்தம்தான் இருந்தது.

"வாலிபப் பசங்க எல்லாம் தலை குனிஞ்சே உக்காந்திருக்காங்களேன்னு, ஆறு மாசமா நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டிருந்தேம்மா."

ரெண்டாவது ஊர்வலை

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இது அப்படியில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணி இருக்கும். பென்னலூர் பெண்கள் ஹாஸ்டல் வார்டன் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். "கல்பனா, இங்க ஒரு பொண்ணு காலைலேர்ந்து சாப்பிடாம அழுதுக்கினு கீது. உன் வைஃபையாலதான்னு சொல்லுது. வந்துட்டுப் போ." எனக்கு எரிச்சல்தான் வந்தது. அரை மணி நேரம் முடிந்து படம் பாதியில் நின்றிருக்கும், அதற்கொரு அழுகை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பெண்ணின் பெயர் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கம். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷமாக உற்பத்தி லைனில் டிரெய்னி. டிரெய்னி காலம் அந்த மாதத்தோடு முடிகிறது, முடிந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆனால் வேறொரு கம்பெனியில் நிரந்தர வேலைக்குப் பரீட்சை எழுதி, நேர்காணலும் முடித்து, தேர்வாகியிருந்தாள். வேலை உறுதி என்று மெயில் வந்திருக்கிறது. அதே மெயிலிலிருந்து சம்மதம் சொல்லி, சர்ட்டிபிகேட் எல்லாம் அனுப்ப வேண்டும். கடைசி நேரம் அன்று மாலை ஐந்து மணி. மெயிலோ அவளை உள்ளேயே விடவில்லை. பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது என்கிறது. இவள் மாற்றவில்லை.

என்ன செய்தாய் என்று கேட்டேன். இரண்டு நாளைக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் ஊர்வலையைத் தேடியிருக்கிறாள். இரண்டு பெயர் வந்திருக்கிறது: 'ஊர்வலை', 'ஊர்வலை ஃபாஸ்ட்'. இரண்டாவதற்கு சிக்னல் முழுசாக இருந்தது. தொட்டாள். திறந்த பக்கத்தில் எங்கள் கம்பெனிப் படமே இருந்தது. ஆனால் மொபைல் நம்பருக்குப் பதில் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. கொடுத்தாள். நெட்டும் வந்தது, வேகமாகவே வந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை.

"எங்க பக்கம் மெயில் பாஸ்வேர்டு கேக்கவே கேக்காதே! இது கூடவா தெரியாது?" என்று கத்திவிட்டேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். ஸ்டெல்லா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒரு பெயர் எங்கள் ஸ்டாப்பில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, வைஃபை மேடமான எனக்குத் தெரியவில்லை. இதில் அவளிடம் கத்த எனக்கு என்ன யோக்கியதை?

உட்கார்ந்தேன். அவள் போன் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி உடைந்திருந்ததால், கணக்கை மீட்கிற வேலையை என் போனில் ஆரம்பித்தேன். 'இது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை' என்று வந்தது. மறுபடியும் முயன்றேன். அதே பதில். மணி இரண்டே முக்கால். முதலாளிக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு வழக்கமா மெயில் பாக்கற போன்லயே பண்ணு, வழக்கமா பாக்கற இடத்துலயே உக்காந்து பண்ணு. புது போன்ல பண்ணா அது உன்னையே திருடின்னுதான் நினைக்கும்" என்றார். அந்த உடைந்த போனை வாங்கி, முதலில் 'ஊர்வலை ஃபாஸ்ட்'டை அதிலிருந்து நீக்கினேன். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் போட்டேன். அவளை மாடியில் அவள் கட்டிலிலேயே உட்கார வைத்தேன். திருடன் அவள் மொபைல் நம்பரை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டிருந்தான். ஆனால் மாற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, பழைய நம்பரையும் கணக்கு இன்னும் ஒப்புக்கொண்டது. ஓடிபி வந்தது. விரிசலுக்கு நடுவில் அது ஆறா எட்டா என்று தெரியவில்லை. ஸ்டெல்லா அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தார். எட்டு.

திறந்தது. நான் முதலில் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன். முத்துலட்சுமி கம்பெனியின் மெயிலைத் தேடினாள், காணோம். மறுபடி அழுகை. திருடன் அழித்திருப்பான், மெயிலின் குப்பைத்தொட்டியில் பார் என்றேன். அங்கே கிடந்தது. நாலே காலுக்குச் சம்மதத்தையும் சர்ட்டிபிகேட்டையும் அனுப்பினாள். நாலே முக்காலுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மத்தியானச் சோற்றில் கை வைத்தாள். அவள் அடுத்த மாதமே அந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவள் சாப்பிடும்போது, பாஸ்வேர்டைக் கேட்டதும் கொடுத்துவிடலாமா என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"பெரிய கம்பெனி படமெல்லாம் போட்டு மரியாதையா கேட்டாவ அக்கா. மரியாதையா கேட்டா எப்படி இல்லைன்னு சொல்லுதது?"

சீட்டுக்கு அடியில்

அன்று சாயங்காலமே நானும் லூர்து அண்ணனும் பென்னலூர் ஸ்டாப்பில் நின்றோம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்துகொண்டிருந்தன. 'ஊர்வலை ஃபாஸ்ட்' சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிக்னல் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். ஜூஸ் கடைப் பக்கம் போனால் குறைகிறது. நிழற்குடைக்குள் வந்தால் ஏறுகிறது. லூர்து அண்ணன் தரையில் படுத்து ஸ்டீல் சீட்டுக்கு அடியில் பார்த்தார். கறுப்புப் பாலித்தீன் கவருக்குள், கையளவு ரௌட்டரும் அதோடு ஒரு பவர் பேங்கும். டேப் போட்டுக் கச்சிதமாக ஒட்டியிருந்தான். பக்கத்தில் நின்ற பெண்களை விசாரித்தால் இன்னும் எட்டுப் பேர் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறார்கள். எல்லோரையும் அங்கேயே நிற்க வைத்து மாற்றச் சொன்னேன். ஒரே பாஸ்வேர்டை எல்லா ஆப்புக்கும் வைத்திருந்தவர்கள் அதில் ஆறு பேர். அவர்களுடைய பஸ் போய்விட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

நாங்கள் அதைத் தொடாமல் படம் எடுத்துவிட்டு, போலீசுக்குச் சொன்னோம். ஒரு ஏட்டய்யா பைக்கில் வந்தார். நல்ல மனுஷன், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார், ஜாக்கிரதையாகக் கழற்றிக் கவரில் போட்டுக்கொண்டார். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கிளம்புவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ முக்கியமான துப்பு கேட்கப் போகிறார் என்று நானும் ஆர்வமாகப் போனேன்.

"இதுல நெட்டு நல்லா ஸ்பீடா வருதாம்மா? ஏன் கேக்கறேன்னா, ஸ்டேஷன்ல டவரே எடுக்க மாட்டேங்குது."

பத்து நிமிஷ வகுப்பு

செய்தி பரவி, ஒரு உதிரிபாகக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் என்னைப் பேசக் கூப்பிட்டார். ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம். நூறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ராத்திரியெல்லாம் எழுதி வைத்ததை ஒப்பிக்காமல், மனதில் பட்டதைச் சொன்னேன். பெயரை முழுசாகப் படியுங்கள், ஒரே மாதிரி இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் தொடாமல் அந்த இடத்தில் இருப்பவரைக் கேளுங்கள். இலவச வைஃபை உங்கள் மொபைல் நம்பரைக் கேட்கலாம். மெயில் பாஸ்வேர்டு, பேங்க் விவரம், ஆதார் கேட்டால் அது வைஃபை இல்லை, வலை. பேங்க் வேலையை உங்கள் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். இந்த ஆப்பை ஏற்று, அந்த ஃபைலை ஏற்று என்று சொன்னால் ஏற்றாதீர்கள். வேலை முடிந்ததும் வைஃபையை அணையுங்கள், தானாகப் போய் ஒட்டிக்கொள்கிற செட்டிங்கையும் அணையுங்கள். ஒரு கணக்குக்கு வைத்த பாஸ்வேர்டை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள்.

நடுவில் இரண்டு தடவை, ஊர்வலைக்குப் பாஸ்வேர்டே கிடையாது, யாராவது பாஸ்வேர்டு என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள் என்று அழுத்திச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கைதட்டல்கூடக் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த வேலைக்கு ஒரு மரியாதை வந்ததுபோல் இருந்தது. முடித்ததும் முன்வரிசையில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"சூப்பரா சொன்னீங்க மேடம், தெளிவா புரிஞ்சுது. இப்ப அந்த ஊர்வலை பாஸ்வேர்டை மட்டும் போர்டுல எழுதிட்டீங்கன்னா நாங்க லைனுக்குப் போயிடுவோம்."

ஏரி வீடியோ

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு காலை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, ஓடுங்கள் என்று ஒரு வீடியோ எல்லார் போனிலும் வந்தது. எந்தக் காலத்து வீடியோவோ. நான் பார்த்தவுடன் அழித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், இருங்காட்டுக்கோட்டை ஸ்டாப்பை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன் அண்ணன் போன் செய்தார். மூச்சு வாங்குகிறது. கடையிலிருந்த அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எல்லாவற்றையும் தனி ஆளாகப் பரணில் ஏற்றிவிட்டாராம். ஏற்றி முடித்த பிறகுதான் மகன் வந்து அது பொய் என்று சொல்லியிருக்கிறான். இடுப்பு பிடித்துக்கொண்டு இறங்க முடியாமல், பரணில் மூட்டைகளோடு உட்கார்ந்துகொண்டே பேசுகிறார்.

அண்ணே, நாம ஏரிக்கு மேற்குப் பக்கம் இருக்கோம், ஏரியைத் திறந்தாலும் தண்ணி கிழக்கே அடையாறு பக்கம்தானே போகும், நம்ம பக்கம் எப்படி வரும் என்று ஆறுதலாகச் சொன்னேன். யார் அனுப்பியது என்று பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் வலியில் முனகிக்கொண்டே கேட்டார்.

"தண்ணி கிழக்க போவும், சரி. வீடியோ மேற்கால வந்துச்சே, அது உன் வைஃபைலதானே வந்துச்சு?"

நானும்தான்

போன மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் ரூமுக்கு வெளியே நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது. ஒருவரும் வெளியே வரவில்லை. தம்பி துபாயிலிருந்து என்னாச்சு, என்னாச்சு என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த நேரம் பார்த்து என் டேட்டா தீர்ந்துபோனது. வைஃபையைப் போட்டேன். 'ஃப்ரீ ஹாஸ்பிடல் வைஃபை' என்று ஒன்று வந்தது. தொட்டேன். நம்பர் கேட்டது, அடித்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். அடுத்த பக்கம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டது, அதையும் போட்டேன். ஆஸ்பத்திரி என்றால் இதெல்லாம் கேட்கத்தானே செய்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த பக்கம் மெயில் ஐடி, பாஸ்வேர்டு. பாஸ்வேர்டில் நாலு எழுத்து அடித்துவிட்டேன். பிறகுதான் விரல் அப்படியே நின்றது.

எல்லாவற்றையும் மூடி, அந்தப் பெயரை நீக்கி, வைஃபையை அணைத்துவிட்டு, காது சூடேற வரவேற்பு மேஜைக்குப் போனேன். அம்மாவைப் பற்றிக் கேட்பதுபோல் ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாக, உங்கள் ஆஸ்பத்திரி வைஃபையின் சரியான பெயர் என்னம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அரை மணில வெளியே கூட்டினு வருவாங்க. எங்க ஆஸ்பத்திரில வைஃபையே கிடையாதே மேடம், யார் சொன்னா உங்களுக்கு?"

இந்த வேலையில் எத்தனையோ டப்பாவைக் கழற்றிச் சரிசெய்திருக்கிறேன். 'இலவசம்' என்ற எழுத்தைப் பார்த்ததும் மூளைக்கு முன்னால் விரல் ஓடுகிறதே, அந்த ஒரு கோளாறுக்கு மட்டும் எங்கள் ஸ்டோரில் உதிரிபாகம் கிடையாது.